மருத்துவர் மொழிந்த புதிர்

நோய் தீர்க்க வந்தவர் சொல்லும் ஒரு சொல் நோயாளிக்கு விளங்காமற் போகுமாயின், அதன் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? சொன்னவருக்கா, கேட்டவருக்கா? உளப்பகுப்பாய்வு பற்றிய நூல்களைப் படிக்குந்தோறும் இக் கேள்வி என் மனத்தில் எழுவதுண்டு. இதனை ஆராய்வதற்கு அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிற்றில் எழுதிய ‘புரொய்டுக்கு அஞ்சலி’ என்ற நூலைக் காட்டிலும் சிறந்த ஆதாரம் எனக்குத் தென்படவில்லை. எச். டி. என்ற இரண்டு எழுத்துக்களாலேயே கவியுலகம் இவரை அறியும்.

1933 மார்ச் மாதத்தில், தமது 46 ஆவது வயதில், வியன்னா நகரில் பெர்க்காஸே 19 ஆம் இலக்க இல்லத்துக்கு இவர் சிகிச்சைக்குச் சென்றார். முதலாம் உலகப்போரில் தமையனையும், அத் துயரைத் தொடர்ந்து தந்தையையும் இழந்தவர். இன்னொரு போர் வருமென்ற அச்சம் அவரை வாட்டியது. சிக்மண்ட் புரொய்டுக்கோ அப்போது 76 வயது. 1923 முதல் வாய்ப்புற்றுநோய்க்காகப் பலமுறை அறுவைக்கு உள்ளானவர். ஜெர்மனியில் ஹிற்லர் ஆட்சிக்கு வந்து ஒருசில வாரங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் புரொய்டின் நூல்கள் பெர்லினில் தீக்கிரையாயின.

ஒருநாள் எச். டி. சாய்வணையிற் படுத்தவாறு பேசிக்கொண்டிருக்கையில், பின்னால் அமர்ந்திருந்த புரொய்ட் அச் சாய்வணையின் தலைப்பக்கத்தைக் கைமுட்டியால் ஓங்கி அடித்தார். தாம் கிழவராகிவிட்டமையால் தம்மிடம் அன்பு செலுத்துவது தகுந்ததென்று எச். டி. கருதவில்லை, இடர்ப்பாடு அதுவே என்று பொருள்படச் சொன்னார். எச். டி. எழுந்து அவரை நோக்கினார். மறுமொழி சொல்லவில்லை. அதிர்ச்சியின் மிகுதியால் தமக்கு எவ்வுணர்வுமே தோன்றவில்லை என்று பிற்காலத்தில் எழுதுகிறார்.

இச் சொல்லை என்னவென்று கொள்வது? மருத்துவர் நோயாளிக்குத் தம்மைக் காட்டாது, கண்ணாடி போன்று அவருடைய பிம்பத்தையே அவருக்குக் காட்டவேண்டும் என்று 1912 இல் விதித்தவர் இதே புரொய்ட். அந்தக் கண்ணாடியே கையோங்கி அடித்து, ‘என்னை நீ விரும்பவில்லை’ என்று முறையிட்டால் நோயாளி என்ன செய்வார்? அது ஓர் உத்தி என்பர் ஒரு சாரார். நோயாளி தன் இளமைக்கால அன்பையும் பகையையும் மருத்துவர்மேல் ஏற்றிக் காண்பதே இச் சிகிச்சையின் ஆதாரம். அது நிகழாமல் தடைப்பட்டு நின்றதால் அணையை உடைக்க முயன்றார் என்பது இவர்தம் விளக்கம். எச். டி.யும் இவ்வாறு ஐயுற்றார். மறுசாராரோ, மரணத்தை எதிர்நோக்கியிருந்த முதியவரின் வாயிலிருந்து தவறி வீழ்ந்த உண்மை அது என்பர்.

என் எண்ணத்தில் இரு சாராரும் சொன்னவரின் உள்ளத்தையே துழாவுகின்றனர். கேட்டவரை மறந்துவிடுகின்றனர். புரொய்ட் 1937 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தாம் கூறும் விளக்கம் சரியா என்பதை நோயாளியின் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளால் அறியமுடியாது, அதன்பின் அவர் மனத்தில் எழும் நினைவுகளைக் கொண்டே அறியவேண்டும் என்கிறார். நல்ல விதிதான். ஆயினும் இவ்விதி மருத்துவருக்குக் கவசமாகவும் ஆகிவிடலாம். நோயாளி ஒப்புக்கொண்டால் மருத்துவர் வென்றார். மறுத்தால் அது நோயின் எதிர்ப்பு, அப்போதும் மருத்துவரே வென்றார் என்ற குற்றச்சாட்டைப் புரொய்ட் அக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு விடைகூற முயல்கிறார். அவ்விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.

எச். டி. ஏன் அங்கேயே கேட்கவில்லை என்று வினவுவோர் உண்டு. ஆசான் சொன்னது விளங்காதபோது எழுந்து கேட்கும் மாணவர் எத்தனை பேர்? அதுவும் ஆசானின் புகழ் உலகெங்கும் பரந்திருக்கையில்! பக்தி மிகுந்த இடத்தில் வினா எளிதில் எழுவதில்லை.

இன்னொரு புதிரும் உண்டு. தமது மேசையில் நிறைந்திருந்த தொல்பொருட் சிலைகளிலிருந்து சிறிய வெண்கல அத்தேனாவை எடுத்து எச். டி.யின் கையிற் கொடுத்த புரொய்ட், அதுவே தமக்கு மிகவும் உகந்ததென்றும், குறையேதுமற்ற அச் சிலை தன் ஈட்டியை மட்டுமே இழந்துவிட்டதென்றும் கூறினார். பெண்மை பற்றிய அவருடைய விரிவுரை அச்சேறிச் சில மாதங்களே கழிந்த காலம் அது. பெண் என்பவள் ஏதோ ஒன்றை இழந்தவள் என்ற அவர் கொள்கையே சிலையின் உருவில் பேசியது எனப் பிற்காலத் திறனாய்வாளர் கண்டனர். அஞ்சலி நூலில் எச். டி. அவ்வாறு பேசவில்லை, அரும்பொருளின் மதிப்பை எடைபோடும் ஒருவரின் குரலாகவே அதனைக் கேட்கிறார். இந்நூலின் முதன்மைப் பகுதி 1944 இல், போர்க்கால இலண்டனில், வியன்னாக் குறிப்பேடுகள் கைவசமில்லாது நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. புரொய்ட் மறைந்து ஐந்தாண்டுகள் சென்றுவிட்டன. இறந்தவரை நினைந்து எழுதுகையில் சினம் அடங்கிவிடுவது இயல்பே.

அச் சினம் வேறோரிடத்தில் இருந்தது. வியன்னாவை விட்டு வந்தபின், 1930 களின் நடுப்பகுதியில், எச். டி. ‘ஆசான்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். ஆணின் ஆற்றலைப் பற்றிப் பேசிய கிழவர்மேல் தமக்கு எழுந்த கோபத்தை அதில் மறைக்கவில்லை. பெண் தன்னளவில் நிறைவுற்றவள் என்று அடித்துக் கூறுகிறார். தம்மை விடுவித்தவர் அவரே என்ற வணக்கமும் அதே கவிதையில் இருக்கிறது. சிகிச்சை அறையிற் கிடைக்காத மறுமொழி இங்கே கிடைக்கிறது என்பது என் துணிபு. மருத்துவரின் புதிருக்கு எச். டி. பொருள் கண்டுபிடிக்கவில்லை, விடை கூறினார். பொருள் காண்பது சொன்னவருக்கு அடங்கி நிற்பது. விடை கூறுவதற்கு அவருக்கு எதிரே நிற்கவேண்டும்.

ஆயினும் அக் கவிதையை எச். டி. தம் வாழ்நாளில் அச்சிட இசையவில்லை. அஞ்சலி நூல் 1956 இல் வெளிவந்தது, எச். டி. 1961 இல் மறைந்தார். கவிதை 1981 இல் வெளியாயிற்று. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளும் அந்நூலொன்றையே படித்தவர்கள், எச். டி.யைப் பணிவு மிக்க ஒரு சீடராக மட்டுமே அறிந்திருந்தனர்.