சோதனை முடியாத மருந்து

தீராத நோயினால் வாடும் ஒருவர் இல்லத்தில் இருக்கையில், "வேறு மருந்தே இல்லையா?" என்ற கேள்வி அக்குடும்பத்தை இரவும் பகலும் வாட்டும். நிலத்தை விற்றாவது உயிரைக் காக்கத் துடிக்கும் அன்பைக் குறைகூற நமக்கு மனம் வராது. ஆயினும் அன்பு ஒன்றே மருந்தின் தன்மையை அறிவித்துவிடாது. சோதனை முடியாத, அரசின் அங்கீகாரம் பெறாத மருந்தை நோயாளி கேட்டுப் பெறலாமா? இம்மாதம் இதனைச் சிந்திப்போம்.

அமெரிக்காவில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அபிகெயில் பர்ரோஸ் என்னும் மாணவி, தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயால் துன்புற்றார். எர்பிடக்ஸ் என்னும் புதிய மருந்து அவருக்குப் பயன்தரக்கூடும் என்று அவருடைய மருத்துவர் கருதினார். அம்மருந்து அப்போது சோதனையில் இருந்தது. சோதனையில் சேரும் தகுதி அவருக்கு இல்லை. தனியே பெறும் முயற்சியும் பலிக்கவில்லை. 2001 ஜூனில், தம் 21-ஆம் வயதில், அவர் இறந்தார். அதே மருந்து 2006-இல் அவருக்கிருந்த வகைப் புற்றுநோய்க்கே அங்கீகாரம் பெற்றது. இதை அறியும் எந்தப் பெற்றோரின் நெஞ்சம் பதைக்காது?

அவருடைய தந்தை ஓர் அமைப்பை நிறுவினார். முதற்கட்டச் சோதனை முடிந்த மருந்தைப் பெறுவது சாகுந்தறுவாயிலுள்ளோரின் உரிமை என்று அவ்வமைப்பு வழக்காடியது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, எட்டுக்கு இரண்டு என்ற கணக்கில் அதனை மறுத்தது. பின்னர் 2018-இல், அரசின் அனுமதியின்றியே அத்தகைய மருந்தைப் பெற வழிசெய்யும் சட்டம் அங்கே பிறந்தது. ஆனால் மருந்தைக் கொடுத்தே தீரவேண்டும் என்று அச்சட்டம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இத்தனைக்கும், நிறுவனம் இசைந்தபின் 2012 முதல் 2015 வரை அரசிடம் வந்த விண்ணப்பங்களில் நூற்றுக்குத் 99 ஏற்கப்பட்டிருந்தன. கதவைத் திறக்கும் சாவி பெரும்பாலும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது.

முதற்கட்டச் சோதனை என்பது யாது? சிறு தொகையினருக்கு மருந்தை அளித்து, எவ்வளவை உடல் தாங்கும் என்று காண்பதே அதன் முதல் நோக்கம். நோய் தணியுமா என்ற கேள்விக்கு விடை பின்னரே கிடைக்கும். எல்லாரும் சோதனைக்கு வெளியே மருந்தைப் பெற்றுவிட்டால், அவ்விடை கிடைப்பதே அரிதாகும். நாளை வரும் நோயாளிக்கும் வழி தெரியாது.

லேட்ரைல் என்ற மருந்தின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. ஆப்ரிகாட் பழக்கொட்டையிலுள்ள பொருளைக் கொண்டு உருவாக்கிய அதனை நாடி, 1970-களில் அமெரிக்க நோயாளிகள் பலர் மெக்சிகோவிற்கும் சென்றனர். இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதற்குச் சட்ட இசைவும் அளித்தன. 1982-இல் 178 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஒருவரும் குணமடையவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைடு நஞ்சு அபாய அளவை நெருங்கியிருந்தது.

திருச்சபை இவ்விஷயத்தில் நம்மைத் திகைப்பில் விடவில்லை. கருணைக்கொலை பற்றி 1980-இல் உரோமை வெளியிட்ட அறிக்கை, போதிய வேறு மருந்து இல்லாதபோது, நோயாளியின் சம்மதத்துடன், சோதனை நிலையிலுள்ள, ஓரளவு ஆபத்துள்ள முறைகளையும் நாடலாம் என்கிறது. எதிர்பார்த்த பயன் கிட்டாவிடில் அவற்றை நிறுத்திவிடலாம். வழக்கமான மருத்துவமே போதும் என்று அமைந்திருப்பதும் தற்கொலைக்கு ஒப்பாகாது. முயல்வதும் பாவமன்று, போதும் என்பதும் பாவமன்று.

நம் நாட்டில், பிறந்த நாட்டில் அங்கீகாரம் பெற்று இங்கே இன்னும் பெறாத மருந்தை, உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவருக்காக அரசு மருத்துவமனை மூலம் இறக்குமதி செய்ய 2019-ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. எனவே, இரகசியமாக விற்பவரை நம்பிக் கைப்பொருளை இழக்குமுன், மருத்துவரிடம் சில கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். இம்மருந்து எந்தக் கட்டத்தில் உள்ளது? எத்தனை பேருக்கு அளித்தனர்? என்ன தீங்கு நேரலாம்? செலவை யார் ஏற்பது? இவற்றிற்கு விடைகூற மறுப்பவரிடம் உயிரை ஒப்படைக்காதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கட்டிலில் கிடப்பவரையும் கேளுங்கள். அவருக்காக நாம் ஓடியோடி மருந்து தேடும் நாட்களில், அவர் நாடுவது ஒருவேளை நாம் அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றியிருப்பதாகவும் இருக்கலாம் அன்றோ?