இறுவட்டு இரவல் வாங்கலாமா?



சீனி முடிந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கோப்பை இரவல் வாங்குவோம். அதில் வெட்கமில்லை, அது உறவு. ஆனால் 2010ஆம் ஆண்டில் வாங்கப் போன ஓர் இரவல் என்னை யோசிக்க வைத்தது.

மகளின் பழைய கணனி நின்றுவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியைத் திரும்பவும் போட வேண்டும் என்றார்கள். மருதமுனையிலிருந்து பெரியகல்லாற்றுக்குப் போய், ஆசிரியையாக இருக்கும் சினேகிதியிடம் சொன்னேன்.

"எங்கட இறுவட்டு இருக்கு, கொண்டு போங்க. ஒருக்கா வாங்கினதுதானே, ரெண்டுல போட்டா என்ன குறையப் போகுது?" என்றார்.

சீனியைக் கொடுத்தால் அவர் வீட்டில் குறையும். இறுவட்டைக் கொடுத்தால் ஒன்றும் குறையாது. நாம் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நாம் காசு கொடுப்பது வட்டுக்கல்ல; "ஒரு கணனியில் பாவிக்கலாம்" என்ற அனுமதிக்கு. கணவரின் பஸ் சீசன் டிக்கட்டில் மனைவி ஏறினால் பஸ் தேய்ந்துவிடாது. ஆனாலும் நாம் ஏறுவதில்லையே!

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரலையும் புத்தகத்தைப் போலவே பாதுகாக்கிறது. முறையாக வாங்கியவர் தன் பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். ஊருக்குப் பங்கிட முடியாது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமியும், ஆக்கியோனின் உரிமை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டது, அதை மீறக்கூடாது என்றே முடிவு செய்தது.

அப்படியானால் வெறுங்கையுடன் திரும்புவதா? இல்லை. எங்கள் கணனியின் பெட்டியிலேயே 25 எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்ட குறியீட்டு ஸ்டிக்கர் இருந்தது. சினேகிதியின் இறுவட்டும் அதே வகை. அதைப் போட்டு, எங்கள் குறியீட்டையே கொடுத்தோம். வட்டுத்தான் இரவல், அனுமதி சொந்தம்.

இன்று விண்டோஸ் 11ஐ நிறுவும் கோப்பை மைக்ரோசொப்ட் தன் இணையத்தளத்திலேயே தருகிறது. யாரும் பென் ட்ரைவில் ஏற்றலாம். விலை அனுமதிக்குத்தான். ஆகவே பாவித்த கணனி வாங்கும்போதும் திருத்தக் கொடுக்கும்போதும், "இதற்கு அனுமதி உண்டா?" என்று கேளுங்கள். பூட்டை உடைத்த பிரதியோடு வைரஸும் வரலாம். பிள்ளைகளின் படங்களும் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கமும் பறிபோகலாம்.

வாங்க வசதியில்லையா? பிரதி எடுத்துக் கொடுக்கவே அனுமதிக்கும் நிரல்களும் உண்டு. 2004இல் வெளிவந்த உபுண்டு அப்படிப்பட்டது. 2011 வரை உலகெங்கும் இறுவட்டுகளை இலவசமாகவே தபாலில் அனுப்பினார்கள். 2004 டிசம்பரில் நம் கரையைச் சுனாமி விழுங்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய நம் நாட்டு இளைஞர்கள் எழுதிய 'சஹானா'வும் அவ்வாறே. 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது.

இறுவட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சினேகிதிக்கு உபுண்டு பிரதியொன்று கொண்டு போனேன். "இதை எத்தனை வீட்டுக்கும் கொடுங்க டீச்சர்" என்றேன். அதில் அவருக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. எழுதியவருக்கும் மனக்குறை இல்லை.