கோடையில் ஓடும் வாய்க்கால்

காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, பென்னலூரில் ஓடைநலக் காட்சிக்கூடம் அமைப்பது குறித்து ஒரு திறந்த மடல்

பென்னலூரைச் சுற்றியுள்ள வாய்க்கால்கள் வருடம் முழுக்க ஓடுவதற்கு வெட்டப்பட்டவை அல்ல. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும், ஏரி நிரம்பும், கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு நீர் போகும். தை, மாசியில் ஓட்டம் மெலியும். சித்திரை, வைகாசியில் வாய்க்காலின் தரை காய்ந்து வெடித்துக் கிடக்கும். தாழ்வான சில இடங்களில் ஊற்றுக் கசிவு இருக்கலாம். அதை விட்டுவிட்டால், அக்னி நட்சத்திரத்திலும் ஒரே சீராக ஓடும் வாய்க்காலில் வருவது பெரும்பாலும் மழைநீராக இருக்காது. வீட்டுச் சாக்கடை, விடுதிக் கழிவுநீர், வாகனம் கழுவும் நிலையத்தின் நீர், தொழிற்பேட்டை வடிகால் என்று எங்கோ ஒரு குழாயின் வாய் அங்கே திறந்திருக்கிறது. ஓடையின் உடல்நிலையை மக்கள் தொட்டுப் பார்த்து அறியும் ஒரு காட்சிக்கூடம் இந்த வட்டாரத்தில் அமையுமானால், அது எழுப்ப வேண்டிய முதல் கேள்வி "தண்ணீர் சுத்தமா?" என்பதைவிட "இந்த மாதத்தில் இங்கே ஏன் தண்ணீர் ஓடுகிறது?" என்பதே. மேலை நாடுகளின் ஓடைக் காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் வற்றாத ஓடையை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றை அப்படியே இறக்கி வைத்தால் இந்தக் கேள்வி விட்டுப்போகும்.

நிலத்தின் அமைப்பையும் முதலிலேயே காட்டியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் சவுத்ரி கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. பென்னலூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து மழைநீரும் அதே திசையில்தான் சரிகிறது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 24 அடி. அங்கே 2007-இல் தொடங்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் குடிநீரைச் சென்னைக்கு அனுப்பும் திறன் கொண்டது. ஆக, பென்னலூர் வாய்க்காலில் கலப்பது சென்னையின் குடிநீர் ஏரியை நோக்கிப் போகிறது. ஒரகடத்துக்குக் கிழக்கே மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் நீர் அடையாற்றுக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரியும் திருநீர்மலை அருகே அந்த ஆற்றில்தான் சேர்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதும், அடையாற்றின் கரையோரம் மூழ்கியதும் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. மதகைத் திறந்த நேரம் சரியா தவறா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. மேலே உள்ள சிற்றேரிகளும் வரத்துக்கால்களும் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

இதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். தொழிற்பேட்டைக்குள் வடிகால், பேட்டையை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட்டுடையது. சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. கழிவுநீரின் தரம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. ஒரு வாய்க்கால் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இத்தனை கைகள் மாறிவிடும். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைக்கக்கூடிய அலுவலர் மாவட்ட ஆட்சியர் ஒருவர்தான். இம்மடல் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதப்படுவதும் அதனால்தான்.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட கழிமுகப் பகுதி 2011 தொடக்கத்தில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சதுப்புநிலத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பெங்களூரில் சயின்ஸ் கேலரி 2019 டிசம்பரில் தண்ணீரை மையமாக வைத்து 'சப்மெர்ஜ்' என்ற கண்காட்சியை நடத்தியது. இரண்டும் நல்ல முயற்சிகளே. ஆனால் இரண்டுக்கும் பார்வையாளர் தேடிப் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் எந்தக் கண்காட்சியையும் தேடிப் போகப்போவதில்லை. அவர் நிற்கும் இடத்துக்கு அது வர வேண்டும்: பஸ் நிறுத்தம், வாரச்சந்தை, ஏரிக்கரை, பள்ளி வாசல். சித்திரைத் திருவாதிரைக்கு ராமானுஜர் அவதார உற்சவத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கூடும் கூட்டத்தையும் பயன்படுத்தலாம். சிக்கல் என்னவென்றால், கூட்டம் இருக்கும் சித்திரையில் வாய்க்காலில் மழைநீர் இருக்காது. மழைநீர் புரளும் ஐப்பசியில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். ஏரிக்கரையில் நிலையான ஒரு பகுதி, வேன் மூலம் ஊர்களுக்குப் போய்வரும் ஒரு பகுதி என்று இரண்டாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நிலையான பகுதியின் நடுவில் ஒரு நில மாதிரி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான மணல்மேசை உலகெங்கும் புகழ்பெற்றது: மணலைக் கையால் குவித்தால் மேலிருக்கும் கேமராவும் புரொஜெக்டரும் மேடு பள்ளத்தை நிறமாகக் காட்டும், கையை மேலே நீட்டினால் மழை பெய்வதுபோல நீர் ஓடும். பார்க்க அழகு. ஆனால் புழுதியிலும், மின்வெட்டிலும், ஏரிக்கரை ஈரத்திலும் அது எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்க வேண்டும். சிமெண்டில் வார்த்த மாதிரியும் ஒரு அடிபம்பும் போதும். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பென்னலூர் ஏரி, இருங்காட்டுக்கோட்டை, செம்பரம்பாக்கம் ஆகியவை தத்தம் இடத்தில் பள்ளமாக இருக்கும். ஒரு குழந்தை பம்பை அடித்தால் மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, கீழ் ஏரிக்குப் போக வேண்டும். வரத்துக்காலில் செருகி எடுக்கக்கூடிய நாலைந்து மரத்துண்டுகள்: ஒன்று சாலை மேடு, ஒன்று கட்டடக் குப்பை, ஒன்று சுற்றுச்சுவர். துண்டைச் செருகியதும் நீர் எந்தத் தெருவுக்குள் புகுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்கு மேல் விளக்கப் பலகை வேண்டியதில்லை.

அடுத்தது உயிர்கள். ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைவலை, ஒரு பூதக்கண்ணாடி. வாய்க்காலின் புல்லோரத்தில் வலையை இழுத்துத் தட்டில் கொட்டினால், ஒரு நிமிடம் வெறும் சேறாகத் தெரியும். பிறகு சேறு நகரத் தொடங்கும். தட்டான்பூச்சியின் இளம்பருவம் நீருக்குள்தான் வாழ்கிறது. அதன் கீழுதடு முகத்தடியில் மடிந்திருக்கும்; இரை அருகில் வந்ததும் கை நீள்வதுபோல் சட்டென்று வெளியே நீண்டு கவ்வும். மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவத்துக்குப் பெரும்பாலும் மூன்று வால் இழைகள். வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் துடித்துக்கொண்டே இருக்கும். மேஃப்ளை இனங்கள் பலவும் ஆக்சிஜன் குறைந்தால் தாங்காதவை. அவை மறைந்து, நூல்போல் நெளியும் இரத்தப்புழு மட்டும் மிஞ்சினால் நீர் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இரத்தப்புழுவின் சிவப்புக்குக் காரணம் அதன் உடலில் உள்ள ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அரிதான சேற்றிலும் அது பிழைத்திருக்க அதுவே உதவுகிறது. இப்படிப் பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண் கொடுத்து ஆற்றை எடைபோடும் முறை பிரிட்டனில் தோன்றியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை இந்திய ஆறுகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. வற்றும் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் அதை மேலும் திருத்த வேண்டும். பென்னலூரிலேயே இருக்கும் பொறியியல் கல்லூரியும் மாவட்டத்தின் விலங்கியல் துறைகளும் சேர்ந்தால் முடியாத வேலையில்லை.

மீனை வைத்து நீரை மதிப்பிடும் பழக்கம் ஊரில் உண்டு. "மீன் துள்ளுது, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். காட்சிக்கூடம் பொறுமையாகத் திருத்த வேண்டிய கருத்து இது. விராலும் குரவையும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பவை. ஜிலேபி எந்தக் குட்டையிலும் காலம் தள்ளும். இவை இருப்பதால் நீர் நலமாக இருக்கிறது என்று ஆகாது. கண்ணாடித் தொட்டியில் விரால் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதை இரண்டு நிமிடம் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஆக்சிஜனைக் காட்டுவதுதான் கடினம், ஆனால் அதிகம் சொல்லக்கூடியதும் அதுவே. சுத்தமான நீரில் 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். குளிப்பதற்கு 5 மில்லிகிராமும், மீன்வளத்துக்கு 4 மில்லிகிராமும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது மத்திய வாரியத்தின் வகைப்பாடு. பாசி படர்ந்து பச்சையாக இருக்கும் ஏரியில் இந்த அளவு மணிக்கு மணி மாறும். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் பிற்பகலில் அளவு உச்சத்துக்குப் போகும். இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் அதைச் செலவழிக்க, விடியலுக்குச் சற்று முன் தரைமட்டத்துக்கு வரும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது காலையில் தெரியவருவது இதனால்தான். அலுவலக நேரத்தில் மாதிரி எடுத்தால் அதே ஏரி ஆரோக்கியமாகவே தெரியும். ஆகவே காட்சிக்கூடத்தில் ஒரு பெரிய கடிகார முகப்பு வேண்டும்: பார்வையாளர் முள்ளைத் திருப்ப, அந்த மணிக்குரிய ஆக்சிஜன் அளவு, கடந்த வாரம் அதே ஏரியில் உண்மையாகப் பதிவானது, விளக்காக ஏறி இறங்க வேண்டும். கற்பனை எண்கள் இங்கே உதவாது.

கழிவின் கனத்தைக் காட்ட மூன்று பாட்டில்கள் போதும். நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களில் பழைய காலத்தில் இருந்த சோதனை ஒன்று: நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் சில துளி விட்டு, காற்றுப் புகாமல் மூடி வைப்பது. நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன ஆக்சிஜன் தீரும். அது தீர்ந்ததும் நீலம் வெளுத்துவிடும். போர்வெல் நீர், ஏரிநீர், கோடையில் ஓடும் வாய்க்கால் நீர் என்று மூன்றையும் திங்களன்று மூடி வரிசையாக வைத்தால், எது எந்தக் கிழமை வெளுக்கிறது என்று தினமும் பஸ்ஸுக்கு நிற்பவரே சொல்லிவிடுவார். ஆய்வகத்தில் உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவையை அளக்க 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும்; அதன் முடிவு ஒரு தாளில் எண்ணாகக் கிடக்கும். இந்தப் பாட்டில் எண் எதுவும் தராது, துல்லியமும் இல்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

வாய்க்கால் நீரில் கைவிடும் காட்சி என்பதால் எலிக்காய்ச்சல் அபாயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட பிடியுள்ள வலை, ரப்பர் கையுறை, சோப்பும் குழாயும், காலில் புண் உள்ளவர் இறங்கக் கூடாது என்ற அறிவிப்பு ஆகியவை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

எழுத்து குறைவாக இருப்பது நல்லது. பலகை ஒன்றுக்கு நாற்பது ஐம்பது சொல்லுக்கு மேல் நின்று படிப்பவர் அரிது. மொழியையும் கவனிக்க வேண்டும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகள். சுற்றுவட்டாரத்தில் பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போர் ஏராளம். அவர்கள் குளிக்கும் நீரும் இந்த நிலத்தில்தான் வடிகிறது. தமிழோடு இந்தியும் ஒடியாவும் படங்களும் இருந்தால்தான் காட்சி எல்லோருக்குமானதாகும்.

பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் பதில் எளிது; அந்த எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, அச்சட்டம் குறிக்கும் வரம்பை எட்டிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஒரு காட்சிக்கூடம் கட்டுவது அவற்றுக்குப் பெரிய செலவல்ல. ஆனால் கெட்ட செய்தி வரும் வாரத்தில் அதை அப்படியே காட்டும் உரிமை யாரிடம் இருக்கும்? இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடாவிட்டால், சில மாதங்களில் முகப்பில் தாமரையும் வாத்தும் வரைந்த பலகைதான் மிஞ்சும். நன்கொடையாளரின் பெயர் வாசலில் இருக்கலாம். அளவுகளின் மீது அவருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. எந்த ஆலை என்று காட்சிக்கூடம் விரல் நீட்டவும் வேண்டியதில்லை. அதற்கு மாதிரி எடுத்து, சட்டப்படி நிரூபிக்கும் வேலை வாரியத்துடையது. எந்த வாய்க்கால், எந்த நாள், என்ன அளவு என்பதோடு காட்சிக்கூடத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

பராமரிப்புக்கு முதல் நாளிலேயே தனியாக நிதி ஒதுக்க வேண்டும். ஆக்சிஜனை அளக்க நீருக்குள் இருக்கும் சென்சாரின் முனையில் வாரக்கணக்கில் பாசி படிந்து அளவு தப்பும். யாராவது துடைக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும். அடிபம்பின் வாஷர் தேயும். பாட்டில்கள் வாரந்தோறும் மாற்றப்பட வேண்டும். ஊராட்சி நியமிக்கும் இரண்டு பகுதிநேரப் பணியாளர்கள் போதும்; அவர்களில் ஒருவராவது ஏரி மதகைத் திறந்து மூடி நீர் பங்கிடும் நீர்க்கட்டியாக இருந்தவரோ அவர் குடும்பத்தவரோ என்றால், மதகும் கலங்கலும் பற்றிப் பார்வையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

கட்டடம் எழுப்புவதற்கு முன் ஒரு பருவம் முழுக்க மாதிரி வடிவத்தைச் சோதிப்பது நலம். அட்டையிலும் பிளாஸ்டிக் தட்டிலும் செய்த மலிவான வடிவத்தை ஏரிக்கரையில் வைத்து, எதைத் தொடுகிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள், எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு திருத்தினால், பிறகு கான்கிரீட்டை உடைக்கும் செலவு மிச்சமாகும்.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். புதிதாகச் சேர்ந்த இரண்டு நாட்கள் மார்ச் 22 (உலக தண்ணீர் நாள்), நவம்பர் 1 (உள்ளாட்சி நாள்). நவம்பர் 1 பருவமழையின் நடுவே வருகிறது. மார்ச் 22 வாய்க்கால்கள் காய வேண்டிய நேரத்தில். காட்சிக்கூடத்தின் அளவுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு இவ்விரு நாட்களிலும் பென்னலூர் கிராமசபையிலும், அதே நீர்வழியில் கீழே உள்ள ஊராட்சிகளின் கிராமசபைகளிலும் வாசிக்கப்பட வேண்டும். நீர்வளத் துறை, சிப்காட், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் அலுவலர்கள் அங்கே இருந்து பதில் சொல்ல வேண்டும். மார்ச் மாதக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் ஒரு வரி நிலையாக இருக்கலாம்: இந்த வாரம் எந்தெந்த வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நீர் யாருடையது. இதற்கு ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.