படம் எடுத்தால் போதுமா?

பினாங்கின் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் காலை நடைக்கு வருபவர்கள், மரத்தில் லோத்தோங் குரங்குக் கூட்டத்தைக் கண்டால் கைப்பேசியைத் தூக்குவார்கள். கூடவே ஒரு பேச்சும் வரும்: "இனி காட்டில் ஆள் எதற்கு? படத்தைக் கொடுத்தால் இது எந்தக் குரங்கு, எந்தப் புலி என்று கணினியே சொல்லிவிடும்." இந்தப் பேச்சுக்குப் பின்னால் மூன்று வாதங்கள் உள்ளன. மூன்றும் ஓட்டைதான்.

"கணினியே அடையாளம் காண்கிறது." 2018 இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்கள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. புலி இருந்தவை 76,651. அவற்றிலிருந்து பிரித்தறிந்த புலிகள் 2,461. இத்தனையையும் கண்ணால் சலிக்க முடியாது. சலித்துத் தந்த பெருமை கணினிக்கே. ஆனால் புலியின் வரிகளை ஒப்பிடும் மென்பொருள், ஒத்துப்போகக்கூடிய படங்களை எடுத்து முன்வைக்கும். இரண்டும் ஒரே புலியா என்று தீர்ப்பது மனிதர். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. அசந்தால் ஒரு புலி இரண்டாகிவிடும்.

"எந்த விலங்குக்கும் செல்லும்." நம் மலாய்த் தீபகற்பத்துச் சிறுத்தைகள் பெரும்பாலும் கறுப்பு. புள்ளி தெரியாமல் எதை ஒப்பிடுவது? திரங்கானு காட்டில் ஆய்வாளர்கள் கேமராவின் ஒளி உணரியை மறைத்து, பகலையும் இரவென நம்பவைத்தார்கள். அகச்சிவப்பு ஒளி விழுந்ததும் கறுப்புத் தோலுக்குள்ளிருந்து புள்ளிகள் எழுந்தன. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வில் வேலை செய்தது யாருடைய மூளை?

"துல்லியம் 98 விழுக்காட்டுக்கு மேல்." மடகாஸ்கர் லெமூர்களின் முகமறியும் கருவி 2017இல் காட்டிய கணக்கு இது. சோதித்தவை முன்பே பதிவான லெமூர்கள். கண் எங்கே இருக்கிறது என்பதைக்கூட மனிதரே குறித்துக் கொடுத்தார்கள். நம் லோத்தோங் குட்டியோ பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். அதே குட்டிதான் இது என்று, நிறம் மாறும்வரை கூடவே பார்த்தவர்தான் முதலில் கணினிக்குச் சொல்லவேண்டும்.

கூடவே நின்று பார்ப்பதன் பயன் பினாங்கிலேயே தெரிகிறது. தெலுக் பஹாங் சாலைக்கு மேலே, லோத்தோங்குகள் கடப்பதற்காகப் பழைய தீயணைப்புக் குழாய்களால் கட்டிய பாலம் ஒன்று 2019 முதல் தொங்குகிறது. லங்கூர் புராஜெக்ட் பினாங் குழுவினர் கட்டியது. ஆ லாய் என்ற ஆண் லோத்தோங்கின் பெயரைத் தாங்கியது. ஆ லாய்க்குப் பெயர் வைத்தவர்கள், அந்தக் கூட்டம் சாலையை எங்கே கடக்கிறது என்று மரத்தடியில் கழுத்து வலிக்க நின்று பார்த்தவர்கள்.

கேமராவை வாங்குங்கள், மரத்தடியில் நிற்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.