லட்சத்தீவு: யாருக்கான சுற்றுலா?

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குச் சென்று வந்தார். அவர் கடற்கரையில் அமர்ந்திருந்த படங்கள் வெளியானதும், அதுவரை அந்தத் தீவுகளைக் கண்டுகொள்ளாதவர்கள் கூட "மாலத்தீவை விட்டு இங்கே வாருங்கள்" என்று எழுதத் தொடங்கினர். பவளப்பாறைகள், நீல நிறக் காயல், வெண்மணல் எல்லாம் பேசப்பட்டன. அங்கே வாழும் மக்கள் மட்டும் பேசப்படவில்லை.

மொத்தம் 36 தீவுகள். மக்கள் வசிப்பது 10ல் மட்டும். நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. அவர்களில் 96 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்கள். தீவின் பூர்வகுடிகள் பட்டியல் பழங்குடியினர்.

மாலத்தீவோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1972ல் தொடங்கிய சுற்றுலா, ஆளில்லாத தீவுகளில் சொகுசு விடுதிகளாகவே வளர்ந்தது. 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்ட பின்னரே சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வருமானம் வந்தது. அப்படியானால், லட்சத்தீவில் எந்த மாதிரி பின்பற்றப்படும்?

2021 நிகழ்வுகள் நமக்கு நம்பிக்கை தரவில்லை. நிர்வாகி பிரஃபுல் கோடா படேல் காலத்தில் வந்த வரைவுச் சட்டங்கள், வளர்ச்சியின் பெயரால் மக்களின் நிலத்தை எடுக்க நிர்வாகத்துக்குப் பெரும் அதிகாரம் தந்தன. மாட்டிறைச்சிக்குத் தடை முன்மொழியப்பட்டது. மதுவிலக்குள்ள தீவுகளில் சுற்றுலாவுக்காக மதுவுக்கு வழி திறக்கப்பட்டது. கடற்கரை விதிகளை மீறியதாகக் கூறி மீனவர்களின் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 7 அன்று தீவு மக்கள் 12 மணி நேரம் உண்ணாநிலை இருந்து எதிர்ப்பைப் பதிவு செய்தனர். மீனவனின் ஓலைக் கொட்டகைக்கு இடமில்லாத கரையில், சுஹேலியிலும் கட்மத்திலும் பெருநிறுவன விடுதிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இது வெறும் உரிமைப் பிரச்சினை அல்ல. இயற்கையின் கணக்கும் இருக்கிறது. பவளத் தீவில் ஆறில்லை, ஏரியில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கிணறு உவர்த்துவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005ல் கவரத்தியில் அமைத்த நன்னீராக்கும் ஆலையின் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர்தான். அது ஊர் மக்களின் குடிநீருக்கானது. நீச்சல் குளங்களுக்கானது அல்ல.

தீவின் முதன்மைத் தொழில் சூரை மீன்பிடிப்பு. வலை வீசாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். அதற்கு உயிருள்ள சிறு மீன்கள் இரையாக வேண்டும். அவை கிடைப்பது காயலில். பவளம் செத்தால் இரைமீன் குறையும், பிறகு சூரையும் மாசியும் குறையும். 1998, 2010, 2016 ஆண்டுகளைப் போலவே 2024லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. காயம்பட்ட உடலின் மேல் இன்னும் பாரம் ஏற்றலாமா?

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட தீவுப் பஞ்சாயத்துகளைக் கலந்தே திட்டங்களைச் செயல்படுத்த வேண்டும் என்றது. ஆனால் 2025 ஜூலையில் பாதுகாப்புத் தேவைக்காக பித்ரா தீவைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வந்தபோது, கலந்து பேச அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தே இல்லை.

சுற்றுலா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தீவு இளைஞர்களுக்கு வேலை வேண்டும். விருந்தினரை உபசரிப்பது நமது பண்பாடும் கூட. தீவுக் குடும்பங்கள் நடத்தும் தங்குமிடங்கள், குடிநீரின் அளவுக்கேற்ற பயணிகள் எண்ணிக்கை, நம்பிக்கையை மதிக்கும் விதிகள் ஆகியவை போதும். முதலில் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துங்கள்.

நிலமும் கடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் தலைமுறைகளாகக் காத்து வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதன் அழகை மட்டும் விற்பதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல.