மூலைக்கல் எது?



2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் வேதபாட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்பின் அறியாத வெள்ளை இளைஞன் ஒருவனையும் அந்தக் கறுப்பினச் சபையார் அன்போடு அமரவைத்தார்கள். அவனோ, ஜெபவேளையில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். போதகர் கிளெமென்டா பிங்க்னியும் அவர்களில் ஒருவர். கூட்டமைப்புக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் பின்பு வெளிவந்தன.

தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்திற்கு இறக்கப்பட்டன. சட்டமன்ற வளாகத்தில் நின்ற கூட்டமைப்புக் கொடியோ முழு உயரத்தில் பறந்தது. மாநில மேலவை உறுப்பினருமாயிருந்த பிங்க்னியின் சவப்பெட்டி அதைக் கடந்தே உள்ளே கொண்டுசெல்லப்பட்டது.

“இது வெறுப்பல்ல, எங்கள் பாரம்பரியம்” என்கிறவர்கள் விசுவாசிகளிலும் உண்டு. எதன் பாரம்பரியம் என்று கேட்போம். 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில், கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் தம் அரசின் மூலைக்கல் எதுவென்று வெளிப்படையாய் அறிவித்தார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல, அடிமைத்தனமே அவர்களுக்கு இயல்பான நிலை என்பதே அந்த மூலைக்கல். பிரியமானவர்களே, மூலைக்கல் என்னும் சொல்லைத் திருச்சபை யாருக்கு உரியதாக்கியிருக்கிறது? அந்த அரசுக்காகப் போரிட்ட சேனையின் கொடியை ஒரு கையிலும் வேதத்தை மறுகையிலும் பிடிப்பவன், இரண்டு மூலைக்கற்களின்மேல் ஒரே வீட்டைக் கட்டப் பார்க்கிறான்.

முன்னோரின் கல்லறையில் கண்ணீர் சிந்துவதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் தென் கரோலினாவின் சட்டமன்றக் கட்டடத்தின்மேல் அக்கொடி ஏறியது போர் முடிந்த நாளில் அல்ல. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1960-களின் தொடக்கத்தில், கறுப்பின மக்கள் சமவுரிமை கேட்டு வீதிக்கு வந்த காலத்தில்.

“கொலையாளியை மன்னிக்கிறோம் என்று இறந்தோரின் உறவினர் சிலரே நீதிமன்றத்தில் சொன்னார்களே, இன்னும் ஏன் இந்த விவாதம்?” என்று கேட்பாரும் உண்டு. மன்னிப்பு காயப்பட்டவர் தரும் ஈவு. அதைக் காட்டி, காயப்படுத்திய சின்னத்தைக் காப்பாற்ற முயல்வது கிருபையை மலிவாக்குவதாகும். இறைச்சி உண்ணத் தனக்கு உரிமையுண்டு என்று அறிந்த பவுல், தன் சகோதரனுக்கு அது இடறலாகுமானால் என்றைக்கும் உண்பதில்லை என்றார். உணவையே விட்டுவிட ஆயத்தமான அப்போஸ்தலனின் பிள்ளைகளுக்கு ஒரு துணியை இறக்குவது பாரமா?

2015 ஜூலை 10 அன்று அந்தக் கொடி இறக்கப்பட்டது. அடிமைமுறை குறித்த பிளவில் 1845-ல் பிறந்த தென் பாப்டிஸ்ட் மாநாடும், 2016-ல், இக்கொடியைக் காட்சிப்படுத்துவதை நிறுத்தும்படி கிறிஸ்தவர்களைக் கேட்டுக்கொண்டது. தாமதமான கீழ்ப்படிதலே, ஆயினும் கீழ்ப்படிதல்தான்.

ஆகையால், அயலானை அச்சுறுத்தும் எந்தச் சின்னத்தையும் பாரம்பரியம் என்று சொல்லித் தாங்கிப் பேசாதிருங்கள். அதை நாள்தோறும் கடந்து செல்கிறவரிடம் முதலில் கேளுங்கள்.

ஒரே இரத்தத்தினால் மனுஷர் யாவரையும் உண்டாக்கிய கர்த்தர் நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.