பச்சைக் கட்சியா, சிவப்புக் கட்சியா?

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் மாணவர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி பல வடிவங்களில் வரும்: என்விடியா வாங்கலாமா, ஏஎம்டி வாங்கலாமா? பகுதிநேர வேலையில் சேர்த்தது, வேலைப் பயிற்சியில் கிடைத்த படித்தொகை, தீபாவளிக்குப் பெரியவர்கள் தந்த அன்பளிப்பு எல்லாம் சேர்ந்து கையில் 2,500 வெள்ளியோ 3,000 வெள்ளியோ இருக்கும். 4கே திரையில் விளையாடத் தகுந்த ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்த வேண்டும் என்பது ஆசை. அந்தப் பணத்தில் பெரும்பங்கை விழுங்கப்போவது ஒரே ஒரு பாகம், கிராஃபிக்ஸ் அட்டை.

ஆசையில் குறை இல்லை. அந்தக் கேள்வி நண்பர்கள் கூட்டத்துக்குப் போன பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அஜித்தா, விஜய்யா என்று சிற்றுண்டிச்சாலையில் நடக்கும் அதே சண்டை, பெயர் மட்டும் மாறி நடக்கிறது. பச்சை என்விடியாவின் நிறம், சிவப்பு ஏஎம்டியின் நிறம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கான காரணங்களைப் பிறகு தேடுகிறார்கள். நடிகருக்கு ரசிகராக இருந்தால் நுழைவுச்சீட்டுக் காசோடு போய்விடும். சில்லு நிறுவனத்துக்கு ரசிகராக இருந்தால் சில நூறு வெள்ளி போகும். நிறுவனத்தின் பெயரைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கட்சி.

இந்த இரண்டு 'எதிரிகளையும்' சற்றுக் கிட்டப் போய்ப் பாருங்கள். என்விடியாவை நடத்தும் ஜென்சன் ஹுவாங், ஏஎம்டியை நடத்தும் லிசா சூ இருவரும் தைவானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்கள், தூரத்து உறவினர்களும்கூட. இரு நிறுவனங்களும் சில்லுகளை வடிவமைக்கின்றன, ஆனால் சொந்தமாக வார்ப்பதில்லை. இன்று விற்பனைக்கு வரும் இரண்டு நிறத்து அட்டைகளின் சில்லுகளும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில்தான் உருவாகின்றன. ஏஎம்டிக்கு ஒரு காலத்தில் சொந்த ஆலைகள் இருந்தன. 2009ல் அவற்றைப் பிரித்துவிட்டது. அப்படிப் பிறந்த குளோபல்ஃபவுண்டரிஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை ஒன்று நம் உட்லண்ட்சில் இயங்குகிறது. ரேடியான் என்ற பெயரே ஏஎம்டியுடையது அல்ல. 2006ல் ஏடிஐ என்ற கனடிய நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்தது.

1990களின் பிற்பகுதியில் விளையாட்டுப் பிரியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பெயர் 3டிஎஃப்எக்ஸ். அதன் வூடூ அட்டைக்கு ஈடு இணை இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதன் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொண்டது. ரசிகர்களின் விசுவாசத்துக்கு யாரும் தள்ளுபடி கொடுக்கவில்லை.

சரி, நிறுவனம் கடைசி என்றால் முதலில் எது? திரை.

சாதாரண 1080பி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். 1080பியிலிருந்து 4கேக்குப் போவது ஒரு படி ஏறுவதுபோல் தோன்றினாலும் வேலை நான்கு மடங்காகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் அந்த 82.9 லட்சம் பிக்சல்களையும் 16.7 மில்லி விநாடிக்குள் அட்டை வரைந்து முடிக்க வேண்டும். 120 ஃபிரேம் வேண்டுமானால் 8.3 மில்லி விநாடி. அதிக விலையுள்ள அட்டைகள் எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் விடை. 4கே வேண்டாம் என்று முடிவு செய்த மறுகணமே உங்கள் பட்டியலில் பாதி விலையுள்ள அட்டைகள் நுழைந்துவிடும்.

27 அங்குலத் திரையை மேசையில் வைத்து, கை நீள தூரத்தில் உட்கார்ந்து விளையாடுபவருக்கு 1440பியில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 109 பிக்சல்கள் கிடைக்கின்றன. அதே அளவுத் திரை 4கே என்றால் 163. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், மறுக்கவில்லை. எழுத்துகளைப் படிக்கும்போது நன்றாகவே தெரியும். ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டில் தெரியுமா? வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவற்றையே பெரும்பாலும் விளையாடுபவர் 4கே கேட்டு வந்தால், 1440பியில் அதிவேகத் திரை ஒன்றை வாங்கி மீதிப் பணத்தைச் சேமித்து வைக்கச் சொல்வேன். சைபர்பங்க் 2077 போன்ற பரந்த உலகங்களில் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்ப்பவருக்கும், வரவேற்பறையின் பெரிய தொலைக்காட்சியில் கணினியை இணைப்பவருக்கும் 4கே பொருத்தம்.

திரை 4கே என்று உறுதியானால் அடுத்து அட்டையின் நினைவகத்தைப் பாருங்கள். காட்சியில் தெரியும் சுவர், தோல், இலை ஒவ்வொன்றின் மேற்பரப்புப் படமும் அங்கேதான் தங்கும். இடம் போதாவிட்டால் கணினியின் பொது நினைவகத்திலிருந்து இழுத்துவர வேண்டியிருக்கும். விளையாட்டு திக்கித் திணறும். 4கேக்கு 8 ஜிபி அட்டையைத் தொடவே வேண்டாம். 12 ஜிபி அதன் விளிம்பில் நிற்கிறது. இப்போது வாங்கி நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது.

இரு கட்சிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் இடம் இது. 2025ல் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு அட்டைகளை விட்டது. சில வாரங்களில் ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்ற ஒரே பெயரில் அதையே செய்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் எதை வாங்கினோம் என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொள்வார். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டை என்விடியா அறிவித்தது. அவை நினைவகத்தில் மட்டுமல்ல, சில்லிலேயே வேறுபட்டவை. எதிர்ப்பு எழுந்ததும், பெயர் குழப்புகிறது என்று ஒப்புக்கொண்டு 12 ஜிபி அட்டையை விற்பனைக்கு வரும் முன்பே திரும்பப் பெற்றது. அன்று குரல் கொடுத்தவர்களில் பச்சைக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ரசிகர்கள் எனக்குச் சம்மதம்.

அடுத்தது விளம்பர எண்கள். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 அட்டை முந்தைய தலைமுறையின் 1,599 டாலர் ஆர்டிஎக்ஸ் 4090க்கு இணையான வேகம் தரும் என்றார் ஹுவாங். செயற்கை நுண்ணறிவின் துணையோடுதான் அது சாத்தியம் என்பதையும் சேர்த்தே சொன்னார். பலர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. அட்டை உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் மூன்று ஃபிரேம்கள் வரை ஊகித்துச் செருகும் நுட்பம் அது. அசைவு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் உங்கள் விரல் அசைவுக்கு விளையாட்டு பதில் சொல்லும் வேகம், செருகப்படாத ஃபிரேம்களைப் பொறுத்தே இருக்கும். 30 ஃபிரேமில் தள்ளாடும் விளையாட்டு 120 என்று எண் காட்டினாலும் கைக்கு 30 போலவே கனக்கும்.

இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நுட்பம் உண்டு. அது உண்மையிலேயே பயனுள்ளது. காட்சியைச் சிறிய அளவில் வரைந்து, அதைப் பெரிய திரைக்கு ஏற்ப மெருகேற்றுவது. என்விடியா 2018ல் கொண்டுவந்த டிஎல்எஸ்எஸ், ஏஎம்டி 2021ல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் இரண்டும் இந்த வகை. 4கே திரையில் இதன் உயர்தர அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அட்டை உள்ளே வரைவது 1440பி மட்டுமே. நீண்ட காலம் டிஎல்எஸ்எஸ் தெளிவாக முன்னே இருந்தது. 2025ல் வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் முந்தைய எஃப்எஸ்ஆர் எல்லா நிறுவன அட்டைகளிலும் ஓடியதுபோல் இது ஓடாது. ஏஎம்டியின் 9000 வரிசை அட்டைகளுக்கென்றே வெளியிடப்பட்டது. ஆதரிக்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கையிலும் டிஎல்எஸ்எஸ் முன்னே நிற்கிறது. நீங்கள் விளையாடும் நான்கைந்து விளையாட்டுகள் எதை ஆதரிக்கின்றன என்று பாருங்கள். மற்றவை உங்களுக்கு எதற்கு?

இனி நேரடியாகப் பெயர் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் செலவழிக்காமல் 4கே விளையாட நினைக்கும் மாணவருக்கு உண்மையான போட்டி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐக்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கும் இடையில்தான். இரண்டிலும் 16 ஜிபி. இரண்டும் 300 வாட் அளவில் மின்சாரம் எடுப்பவை. அறிமுக விலை முன்னதற்கு 749 அமெரிக்க டாலர், பின்னதற்கு 599. வழக்கமான முறையில் வரையப்படும் விளையாட்டுகளில் வேறுபாடு சிறியது. ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து வரையும் ரே டிரேசிங்கில் என்விடியா முந்துகிறது. சைபர்பங்கின் உச்ச அமைப்பில் அந்த இடைவெளி நன்றாகவே விரியும்.

விளையாட மட்டும் என்றால், கடையில் இரண்டுக்கும் இடையே 200 வெள்ளிக்கு மேல் வேறுபாடு இருக்கும்போது நான் ஏஎம்டியை எடுப்பேன். ஆனால் வாசகர்களே, உங்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாண அசைவூட்டம், தரவு அறிவியல் படிப்பவர்கள். உங்கள் பாடங்களில் வரும் மென்பொருள்களில் பெரும்பாலானவை என்விடியா 2007ல் வெளியிட்ட கூடா என்ற அடித்தளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஏஎம்டியிலும் வழி உண்டு. பிளெண்டர் போன்றவை அதையும் ஆதரிக்கின்றன. ஆனால் ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய இரவில் அந்த வழியைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. அத்தகைய மாணவர் கூடுதல் விலை கொடுத்து என்விடியா வாங்கினால் அது ரசிக மனப்பான்மை அல்ல, கணக்கு. 'ஏஎம்டி மென்பொருள் கோளாறு பிடித்தது' என்ற பழைய பேச்சைக் காரணமாகச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025 தொடக்கத்தில் 50 வரிசை அட்டைகளுடன் திரை கறுத்துப்போகும் கோளாறுக்கு அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட்டது என்விடியா.

4கே அவ்வளவு முக்கியமில்லை என்று தோன்றுபவர்களுக்கு மூன்றாவது நிறமும் உண்டு. இன்டெல் 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வெளியிட்ட ஆர்க் பி580 அட்டையில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. 1440பி திரைக்கு அது மோசமில்லை.

ஏற்கெனவே திரை வைத்திருப்பவர்கள், 'ஜி-சிங்க் திரைக்கு என்விடியாதான், ஃப்ரீசிங்க் திரைக்கு ஏஎம்டிதான்' என்ற பழைய விதிக்குப் பயப்பட வேண்டாம். 2019 ஜனவரி முதல் என்விடியா அட்டைகளும் ஃப்ரீசிங்க் வகைத் திரைகளுடன் ஒத்துழைக்கின்றன.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. 300 வாட் அட்டை நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 1.2 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு என்று வைத்தால் மாதத்துக்கு 11 வெள்ளி அளவில் வரும், அட்டைக்கு மட்டும். அந்த 300 வாட்டும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் இறங்கும். அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் குளிர்சாதனமும் கூடவே ஓடும், அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டுவதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090ஐப் பற்றிக் கனவு காண்பவர்கள் அப்பா அம்மாவிடம் முதலில் பேசுங்கள்.

சிம் லிம் ஸ்குவேருக்குப் போனாலும் இணையத்தில் வாங்கினாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. கடை விற்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனிநபரிடம் இணையச் சந்தையில் வாங்கும் பழைய அட்டைக்குப் பொருந்தாது. அங்கே விலை 150 வெள்ளி குறைவாகத் தெரிந்தால், அட்டையைக் கணினியில் மாட்டி அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

புறப்படும் முன் வீட்டில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் மின்வழங்கியின் வாட் அளவு. மேலே சொன்ன இரண்டு அட்டைகளுக்கும் 750 வாட் பரிந்துரைக்கப்படுகிறது. இன்னொன்று கணினிப் பெட்டியின் உள்நீளம். இன்றைய அட்டைகளில் பல 30 சென்டிமீட்டரைத் தாண்டுகின்றன. முன்புறம் பொருத்திய மின்விசிறியின் தடிமனைக் கழித்துவிட்டு அளந்து பாருங்கள்.